ஜிடிஎக்ஸ் 1060 எடுப்பதா, ஆர்எக்ஸ் 580 எடுப்பதா?

பழைய கிராபிக்ஸ் கார்டு போதும் என்று தேட ஆரம்பித்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் வந்துதான் நிற்போம். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016இல், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 வந்தது 2017இல். 1080பி (ஃபுல் எச்டி) திரையில் வேகத்தைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கேம் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் மென்பொருள் வழியைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்: பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் 1060க்குக் கை கொஞ்சம் ஓங்கும், புதிய வழிகளான வல்கனிலும் டைரக்ட்எக்ஸ் 12இலும் பெரும்பாலும் 580 முந்தும். அதனால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) பட்டியலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மண்டையை உடைக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது கார்டிலேயே இருக்கும் மெமரி. 1060இல் 6 ஜிபி வரை, 580இல் 8 ஜிபி வரை. டெக்ஸ்ச்சரை, அதாவது கேமில் பொருட்களின் மேற்பரப்புப் படத்தின் தரத்தை, உயர்த்தினால், மெமரியில் இடம் இருக்கும்வரை வேகம் பெரிதாகக் குறையாது, படம் மட்டும் நன்றாகத் தெரியும். இடம் போதாமல் போனால்தான் வினை: மிச்ச டேட்டா கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குப் போய், தேவைப்படும்போதெல்லாம் அங்கிருந்து மெதுவாக வரும், கேம் ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீர் திடீரென்று முட்டி நிற்கும். சராசரி எஃப்பிஎஸ் 60 என்று காட்டினாலும் விளையாடவே எரிச்சலாக இருக்கும். அந்த 2 ஜிபிக்காகவே நான் 580 பக்கம்.

ஆனால் பவர் சப்ளை ஒத்துழைக்க வேண்டும். 1060க்கு 120 வாட் போதும், ஒரு 6 பின் இணைப்பு இருந்தால் சரி. 580 அதிகாரப்பூர்வக் கணக்கிலேயே 185 வாட் இழுக்கும், 8 பின் கேட்கும். உங்களிடம் இருப்பது ஏதோ பெயர் தெரியாத பழைய பவர் சப்ளை என்றால், அதையும் சேர்த்து மாற்றப் போவதில்லை என்றால், பேசாமல் 1060 எடுங்கள். விளையாடுவதை லைவாகக் காட்டுபவர்களுக்கும் அதுதான் தோது, அதன் வீடியோ என்கோடர் (ஓடும் படத்தை வீடியோவாகச் சுருக்கும் பகுதி) 580இல் இருப்பதைவிட நல்லது.

டிரைவர் விஷயத்தில் இரண்டுமே ஓய்வு பெற்ற கேஸ்தான். 1060க்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 580க்கும் ஏஎம்டி எப்போதாவதுதான் அப்டேட் விடுகிறது. லினக்ஸில் ஓட்டுபவராக இருந்தால் மட்டும் 580க்கு நல்ல ஆயுசு, ஓப்பன் சோர்ஸ் டிரைவர் இருக்கிறது. ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டுப் படம் வரைவது) கட்டாயம் என்று கேட்கும் கேம்களை மறந்துவிடுங்கள். சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் உத்திகளில், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இரண்டிலும் கிடையாது, ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் பழைய பதிப்புகள் இரண்டிலும் வேலை செய்யும்.

அப்புறம் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 1060இல் 3 ஜிபி ஒன்று இருக்கிறது, அதில் குறைவது மெமரி மட்டுமல்ல, கோர்களும் (கணக்குப் போடும் அலகுகள்) 1280க்குப் பதில் 1152தான். 580இலும் 2048எஸ்பி என்று ஒன்று உண்டு, அதில் 2048 கோர்தான், ஒழுங்கான 580இல் 2304 இருக்கும். நான் இதில் ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பார்த்தால் 2048, விற்றவர் போனையே எடுக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு படி கீழான ஆர்எக்ஸ் 570ஐத்தான் 580 என்று வாங்கி வந்திருந்தேன்.

580களில் நிறைய மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்ட இரவு பகலாக, ஓடியவை. மைனிங்கில் ஓடியதாலேயே கார்டு கெட்டுவிட்டது என்றில்லை, ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும், கார்டை இயக்கும் உள் மென்பொருளான பயோஸை மாற்றி எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் கையோடு ஜிபியு-இசட் திறந்து கோர் எண்ணிக்கையையும் மெமரி அளவையும் பாருங்கள். பிறகு கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.