கடல் பிளாஸ்டிக்: பரபரப்பையும் மறுப்பையும் சோதிப்பது எப்படி?

பசிபிக்கில் பிளாஸ்டிக் தீவு மிதக்கிறது என்று ஒரு செய்தி வரும். சாட்டிலைட்டில் எதுவும் தெரியவில்லை, எல்லாம் புரளி என்று அடுத்தது வரும். இரண்டையும் சோதிக்க ஒரு கால்குலேட்டர் போதும்.

முதலில் எண்ணை நம் கணக்குக்கு மாற்றுங்கள். மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. மில்லியனைக் கோடி என்று எழுதிவிட்டால் அங்கேயே பத்து மடங்கு தப்பு.

அடுத்து, பரப்பால் வகுங்கள். ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடைப்பட்ட குப்பைத் திட்டைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வு, பரப்பு 16 லட்சம் சதுர கிலோமீட்டர், எடை சுமார் 79,000 டன், துண்டுகள் 1.8 லட்சம் கோடி என்றது. வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. சதுர மீட்டருக்கு ஒரு துண்டு, அதுவும் பெரும்பாலும் அரிசிமணியைவிடச் சிறியது. காலூன்றி நிற்கத் தீவு எதுவும் இல்லை. சாட்டிலைட் படத்தில் தெரியாததும் இதனால்தான். தெரியாததை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'தீவு' என்று பகிரப்படும் படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். குப்பைக்கு நடுவே ஒருவர் படகு தள்ளும் பிரபலமான படம் மணிலா துறைமுகத்தில் எடுத்தது.

மூன்றாவது கேள்வி: எடையா, எண்ணிக்கையா? அதே ஆய்வில் மைக்ரோபிளாஸ்டிக் (5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்துகள்) எண்ணிக்கையில் 94 சதவீதம், எடையில் 8 சதவீதம்தான். எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலை. 'எல்லாம் வலைதான்', 'எல்லாம் நுண்துகள்தான்' என்று சண்டை போடும் இருவரும் ஒரே ஆய்வைக் காட்டலாம்.

சந்தேகப்படுவோர் கேட்பதில் உருப்படியான கேள்வி ஒன்று உண்டு. 2010-ல் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை கடலுக்குப் போனதாக அமெரிக்க ஆய்வாளர் ஜெனா ஜாம்பெக்கின் குழு 2015-ல் கணித்தது. ஆனால் உலகக் கடல்கள் முழுவதிலும் மிதப்பது சுமார் 2.7 லட்சம் டன் என்கிறது 2014-ல் வந்த மதிப்பீடு. மீதி எங்கே? ஒன்று ஆண்டுக்கு ஆண்டு உள்ளே போவது, மற்றது மேலே மிதப்பது. இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. தவிர, முதல் எண் குப்பை மேலாண்மைக் கணக்கிலிருந்து வந்தது, கடலில் அளந்ததல்ல. ஆறுகளை மட்டும் வைத்து 2021-ல் போட்ட கணக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் என்று இறங்கியது. மிதப்பதை அள்ளி எண்ண ஆய்வாளர்கள் இழுக்கும் வலையின் கண் வழக்கமாக 0.33 மில்லிமீட்டர், அதைவிடச் சிறியது நழுவிவிடும். கரை ஒதுங்குவதும் மூழ்குவதும் வேறு.

மூழ்குவதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல்நீர் கிட்டத்தட்ட இதே அடர்த்திதான். தண்ணீர் பாட்டிலிலிருந்தும் அதன் மூடியிலிருந்தும் விரல்நகமளவு வெட்டிப் போட்டால் பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். பாட்டில் துண்டும் மிதந்தால் அதில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறது. சோப்புநீரில் விரலால் தேய்த்துவிட்டு நீருக்குள் அமுக்கி விடுங்கள். மூடித் துண்டும் கடலில் நாள்பட்டால் பாசியும் சிப்பியும் ஒட்டி, கனம் கூடி, அடியில் போகலாம்.

'கடல் பிளாஸ்டிக்கில் 90 சதவீதம் பத்து ஆறுகளிலிருந்து' என்பதைப் பார்த்தால் 'எதில் 90 சதவீதம்' என்று கேளுங்கள். 2017 ஆய்வு சொன்னது, ஆறுகள் சுமந்து வருவதில் 88 முதல் 95 சதவீதம் என்று. கடலில் உள்ள மொத்தத்தில் அல்ல. 2021 கணக்கோ 80 சதவீதத்துக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளைக் காட்டியது. நகரங்களின் நடுவே ஓடும் சிற்றாறுகளும் அதில் உண்டு.

கடைசியாக, ஒற்றை எண்ணைப் பார்த்தால் அதன் வீச்சைத் தேடுங்கள். 'வாரம் ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக் தின்கிறோம்' என்பது 5 கிராம் கணக்கு. அதன் ஆய்வுக் கட்டுரையில் இருப்பது 0.1 முதல் 5 கிராம் வரை. விளம்பரத்துக்குப் போனது மேல் நுனி மட்டும். பின்னால் வந்த வேறு கணக்குகள் அதைவிட மிகக் குறைவு. பாட்டில் மட்க 450 ஆண்டு என்பதும் அப்படித்தான்: பெட் பாட்டில் புழக்கத்துக்கு வந்தே ஐம்பது சொச்சம் ஆண்டுதான் ஆகிறது, யாரும் காத்திருந்து அளந்ததில்லை.