சோடா, ஈயம்: பெயர் ஒன்று, பொருள் வேறு

டப்பாவில் வெறும் ‘சோடா’ என்று மட்டும் இருந்தால், ஒன்றுமே எழுதாத டப்பாவாக அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் மூன்று வெள்ளைப் பொருள்கள் உண்டு. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். சலவைச் சோடா சோடியம் கார்பனேட்; வாயில் போடக் கூடாது. காஸ்டிக் சோடா சோடியம் ஹைட்ராக்சைடு. தோலையும் தொண்டையையும் அரித்துவிடும். குடிக்கிற சோடாவோ பெரும்பாலும் தண்ணீரும் கரியமில வாயுவும்தான்.

லேபிளில் வேதிப்பெயரைத் தேடுங்கள். அதைவிட உறுதியானது சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண். வேதிப்பொருளுக்கு உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 3-ஆம் பகுதியில் இருக்கும். மேலே சொன்ன வரிசையில் 144-55-8, 497-19-8, 1310-73-2. நீர் கோத்த சலவைச் சோடாப் படிகத்துக்கு மட்டும் 6132-02-1. எண்ணை நகலெடுக்கும்போது பிசகியதா என்று பார்க்கவும் வழி உண்டு: கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மற்றவற்றை வலமிருந்து 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். 144-55-8-க்கு 5+10+12+16+5 = 48. கூட்டுத்தொகையும் 8-இல் முடிகிறது, எண் சரி.

லேபிளே இல்லையென்றால் பலரும் வினிகர் ஊற்றிப் பார்ப்பார்கள். அது உதவாது; சமையல் சோடா, சலவைச் சோடா இரண்டுமே பொங்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் தூளைப் போட்டு, அமிலமா காரமா என்பதை நிறத்தால் காட்டும் பிஎச் தாளில் தொடுங்கள். சுமார் 8 என்றால் சமையல் சோடா, 11-ஐ ஒட்டினால் சலவைச் சோடா, 13 அல்லது மேலே என்றால் காஸ்டிக். தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும்; காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். தாள் 8 காட்டினாலும் அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். உடன் என்ன கலந்திருக்கிறது என்பதைத் தாள் சொல்லாது.

‘ஈயம்’ இதைவிடப் பொல்லாத பெயர். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம் (7440-31-5). நஞ்சானது காரீயம் (7439-92-1). பென்சிலுக்குள் இருப்பது இரண்டும் அல்ல, கிராஃபைட்டும் களிமண்ணும். கட்டியாகக் கிடைத்தால் எடை போட்டு, அளவுக்குவளைத் தண்ணீரில் முழுதாக மூழ்கவிட்டு, மட்டம் எத்தனை மில்லி ஏறுகிறது என்று பாருங்கள். 146 கிராம் கட்டி 20 மில்லி ஏற்றினால் அடர்த்தி 7.3, அது வெள்ளீயம். காரீயத்துக்கு 11.3 வரும். ஆனால் 5 சதவீதம் காரீயம் கலந்த வெள்ளீயமும் ஏறக்குறைய 7.4 தான் காட்டும். வீட்டுத் தராசில் அது பிடிபடாது. உணவு படும் பாத்திரமென்றால் ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் சோதனைக்குக் கொடுங்கள்.