அமெரிக்க நகரங்களைப் பற்றிப் பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் ஒரே ஒரு சொல்லில் நடந்துவிடுகிறது: புறநகர். நமக்குப் புறநகர் என்றால் ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் போய்க் குடியேறும் இடம். தண்ணீர் லாரி, மழைக்காலச் சேறு, ஒன்பதரை மணிக்குக் கடைசி பஸ். இந்த நினைப்போடு 1950களின் அமெரிக்காவைப் படித்தால் எல்லாமே தலைகீழாகத் தெரியும். அங்கே கையில் கொஞ்சம் காசும் வெள்ளைத் தோலும் இருந்தவர்கள்தான் புறநகருக்குப் போனார்கள். வழியில்லாதவர்கள் நகரத்தின் நடுவில் தங்கிப்போனார்கள்.

அந்த நடுப்பகுதியைச் 'சேரி' என்று மொழிபெயர்ப்பது அடுத்த சறுக்கல். சேரி என்றதும் நம் மனதில் சாதியும் ஏழ்மையும் சேர்ந்தே வந்துவிடும். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின டாக்டரும், பத்திரிகை முதலாளியும், ரயில் பெட்டியில் படுக்கை விரிக்கும் போர்ட்டரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தார்கள். காசு இருந்தும் வெளியே போக முடியவில்லை என்பதுதான் அங்கே விஷயம். 'சேரி' என்று எழுதினால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

சரி, ஏன் போக முடியவில்லை? 'தெற்கில்தான் நிறவெறிச் சட்டம், வடக்கே போனால் விடுதலை' என்ற பாடப்புத்தகக் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டுக் கிளம்பினார்கள். சிகாகோவில் 1910இல் 44,000 பேராக இருந்தவர்கள் 1960இல் எட்டு லட்சத்தைத் தாண்டினார்கள். தெற்கைப் போல வடக்கில் தண்ணீர்க் குழாய்க்கு மேல் 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்ற பலகைகள் பொதுவாக இல்லை. அந்த வேலையை வீட்டுப் பத்திரம் பார்த்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்து நகராட்சி சட்டம் போடக் கூடாது என்று 1917இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தனியார் ஒப்பந்தங்களில் அதே வாசகம் ஏறியது. நியூயார்க் அருகே 1947இல் எழும்பத் தொடங்கிய லெவிட்டவுனில் 17,000 வீடுகளுக்கு மேல். ஒப்பந்தப்படி காக்கேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், தவிர வேறு யாரும் குடியிருக்கக் கூடாது. கையோடு ஒரு சலுகை: வீட்டு வேலைக்கு வேறு இனத்தவரை வைத்துக்கொள்ளத் தடையில்லை!

இப்படிப்பட்ட வாசகங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் கடன் விவகாரம் வேரூன்றிவிட்டது. 'அவரவர் ஆட்களோடு அவரவர் சேர்ந்து இருந்தார்கள், இதில் என்ன?' என்று கேட்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வந்தது. அது கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு தந்தது; கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நட்டத்தை அது ஏற்கும். அதுவரை வீட்டு விலையில் பாதியைக்கூட முன்பணமாகப் புரட்டி, மீதியைச் சில வருடங்களில் அடைக்க வேண்டியிருந்தது. காப்பீடு வந்ததும் சிறிய முன்பணம், இருபது, முப்பது வருடத் தவணை என்று ஆனது. ஆலைத் தொழிலாளியும் வீட்டுக்காரர் ஆனார். ஆனால் இனங்கள் கலந்து வாழும் பகுதி என்றால் அந்த அலுவலகத்தின் கணக்கில் அது 'ஆபத்தான' இடம், காப்பீடு கிடையாது.

இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு டெட்ராய்ட்டில் ஒரு சுவர் சாட்சி. எட்டாம் மைல் சாலை அருகே ஒரு கட்டுமானக்காரர் வெள்ளையர்களுக்கு வீடு கட்ட நினைத்தார். பக்கத்திலேயே கறுப்பினக் குடியிருப்பு இருந்ததால் கடனுக்குக் காப்பீடு தர மறுத்துவிட்டார்கள். அவர் 1941இல் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். ஆறடிச் சுவர் யாரைத் தடுக்கும்? சிறுவர்கள்கூட ஏறிக் குதித்துவிடலாம். ஆனால் சுவர் எழும்பியதும் காப்பீடு கிடைத்தது. அது ஆளைத் தடுக்கக் கட்டிய சுவர் இல்லை, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பக் கட்டியது. இன்றைக்கும் நிற்கிறது, ஒரு பகுதியில் அந்த ஊர் மக்கள் ஓவியம் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

வங்கிக் கடன் கிடைக்காத சிகாகோ குடும்பங்கள் ஒப்பந்த முறையில் வீடு வாங்கின. கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் கையில். நடுவில் ஒரு தவணை தவறினாலும் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறு ஒன்று தனியாக இருக்கிறது: எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தின் தலையில் கட்டுவது. 1933இல் அரசு தொடங்கிய வீட்டுக்கடன் மீட்பு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் வட்டாரங்களை வரைபடத்தில் நான்கு நிறங்களில் தரம் பிரித்தது உண்மை. கறுப்பின வட்டாரங்கள் பெரும்பாலும் கடைசித் தரமான சிவப்பில் விழுந்தன. ஆனால் அந்த நிறுவனமே சிவப்பு வட்டாரங்களிலும் கடன் கொடுத்திருக்கிறது. கறுப்பின மக்களை ஒரே இடத்தில் அடைத்துவைக்கும் வேலையை அதிகம் செய்தவை காப்பீட்டு அலுவலகமும் தனியார் வங்கிகளும் வீட்டுத் தரகர்களும். இணையத்தில் அந்த வண்ணப் படம் அழகாக இருப்பதால் பழி முழுவதும் அதன் மேல் போகிறது என்பது என் சந்தேகம்.

டிராம் கதையும் இப்படித்தான். கார் கம்பெனி சதி செய்து டிராம்களை ஒழித்தது என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1949இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது நிஜம். குற்றம், பஸ்களையும் எரிபொருளையும் விற்பதில் ஏகபோகம் பிடிக்கக் கூட்டுச் சேர்ந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, பல ஊர்களில் ஐந்து சென்ட்டில் கட்டிப்போட்ட கட்டணத்தாலும், தண்டவாளத்தை மறித்து நின்ற கார்களாலும் டிராம் கம்பெனிகள் நொடித்துக்கொண்டிருந்தன.

செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்காக அரசு கட்டிய புரூயிட்-ஐகோ குடியிருப்புக்கும் ஒரு சுலபமான கதை உண்டு. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. 1954இல் ஆட்கள் குடிவந்தார்கள், 1972இல் வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். 'ஏழைகளுக்கு மாடி வீடு கொடுத்தால் இப்படித்தான்' என்று சிலரும், 'நவீனக் கட்டடக் கலை தோற்ற இடம்' என்று சிலரும் அது தகர்ந்து விழும் புகைப்படத்தைக் காட்டுவார்கள். கட்டடத்தில் குறை இல்லாமல் இல்லை. லிஃப்ட் 1, 4, 7, 10 ஆகிய மாடிகளில் மட்டும்தான் நிற்கும். ஆறாம் மாடிக்காரர் ஏழில் இறங்கிப் படி வழியே கீழே வர வேண்டும். ஆனால் பெரிய ஓட்டை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தந்தது, பராமரிப்பு குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்து வர வேண்டும். நகரமோ காலியாகிக்கொண்டிருந்தது. 1950இல் 8,56,796 ஆக இருந்த மக்கள்தொகை 1970இல் 6,22,236. வீடுகள் காலியாக, வாடகை குறைய, பழுது அப்படியே நிற்க, இன்னும் பலர் கிளம்பினார்கள். போதாக்குறைக்கு, வேலை செய்யத் திராணியுள்ள அப்பா கூட இருந்தால் உதவித்தொகை கிடைக்காது என்ற விதி. அப்புறம், அங்கே அப்பாக்களே இல்லை என்று வியந்தார்கள்.

டெட்ராய்ட் 1967 ஜூலைக் கலவரத்தால் அழிந்தது என்பதும் வருடங்களை வைத்துப் பார்த்தால் நிற்காது. கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள்; அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் பேக்கார்ட் கார் ஆலை அங்கே 1956இலேயே மூடப்பட்டது. மக்கள்தொகை 1950இல் 18.5 லட்சம், 1960இல் 16.7 லட்சம். வெளியேற்றம் முன்பே தொடங்கிவிட்டது.

கடைசியாக ரோசா பார்க்ஸ். கால் வலித்த ஒரு வயதான அம்மா பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார், புரட்சி வெடித்தது என்று பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கேட்டிருப்போம். 1955 டிசம்பரில் அவருக்கு வயது 42. தெற்கிலுள்ள மாண்ட்கோமரியில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்தவர். அதே ஊரில் ஒன்பது மாதம் முன்பே, 15 வயது கிளாடெட் கால்வின் இதே காரணத்துக்காகக் கைதானார். பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற பேராசிரியை, கல்லூரியின் நகலெடுக்கும் எந்திரத்தில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை ஓட்டினார். பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. பார்க்ஸுக்கு வேலை போயிற்று, மிரட்டல்கள் நிற்கவில்லை. 1957இல் குடும்பத்தோடு வடக்கே கிளம்பினார். போன ஊர் டெட்ராய்ட். குடியிருப்பு விஷயத்தில் தெற்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அங்கிருந்து சொன்னார். பத்து வருடம் கழித்துக் கலவரம் வெடித்தபோது, அது தொடங்கிய இடத்துக்கு ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில்தான் அவர் வீடு இருந்தது.