உள்ளக ஆய்வு மானியம்: வன்னியில் முதன்முறை விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளக ஆய்வு மானியத்துக்கான அழைப்பு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் பீட ஆய்வுக் குழுவின் மேசைக்கு வந்து சேரும் பத்திரங்களைப் படிக்கையில், விண்ணப்பதாரரின் பெயர் மாறியிருப்பதும் தவறு மாறாமலிருப்பதும் தெரிகின்றது. அவற்றுட் பல, இன்று மதிப்பீட்டாளர் கதிரையில் அமர்ந்திருக்கும் நாங்களும் ஒரு காலத்தில் செய்தவையே. கையொப்பம் விடுபடுதல், கூட்டுத்தொகை பிழைத்தல், இறுதி நாள் கடந்து அனுப்புதல் ஆகியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைத் துறை அலுவலகத்து எழுதுவினைஞரே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். விண்ணப்பம் வெற்றிகரமாக அங்கீகரிக்கப்பட்ட பின்பு ஆய்வைக் கெடுக்கும் தவறுகளே எனக்கு முக்கியமானவை.

இம்மானியம் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச பல்கலைக்கழகங்களுக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாகத் திறைசேரியின் ஆண்டு ஒதுக்கீடு கிடைக்கின்றது. அதில் ஒரு சிறு பங்கைப் பல்கலைக்கழகம் தன் சொந்த ஆசிரியர்களின் ஆய்வுக்கெனப் பிரித்து வைத்து, போட்டி அடிப்படையில் வழங்குகின்றது. விண்ணப்பம் துறையிலிருந்து பீடச் சபைக்கும், அங்கிருந்து ஆய்வுக் குழுவுக்கும், பின்னர் மூதவைக்கும் ஏறிச் செல்லும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களில் பணியாற்றினாலும், 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் பம்பைமடு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினாலும், பணம் வரும் வாய்க்கால் பெரும்பாலும் இதுதான். வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறக்கப்படும், எப்போது அடைக்கப்படும் என்பதை அறியாமல் விதைப்பவருக்கு நேர்வதே கீழே வரும் முதன்மையான தவறைச் செய்பவருக்கும் நேர்கின்றது.

பெரிய மானியத்தின் சுருக்கப் பிரதி

தேசிய ஆராய்ச்சிப் பேரவைக்கோ தேசிய விஞ்ஞான மன்றத்துக்கோ எழுதிய மூன்றாண்டுத் திட்டத்தை எடுத்து, தொகையை மட்டும் குறைத்து உள்ளக மானியத்துக்கு அனுப்புவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. நோக்கங்கள் ஆறு, மாவட்டங்கள் மூன்று, ஆனால் பணமோ ஒரு மாவட்டத்து மண் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யவே போதாது. பெரிய நிதியைப் பின்னர் கேட்பதற்குத் தேவையான முன்னோடித் தரவைத் திரட்டித் தருவதே உள்ளக மானியத்தின் வேலை. ஒரு குளத்தின் கீழ் ஒரு வாய்க்காலை எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்கும் விண்ணப்பம், ஆறு நோக்கங்களைப் பரப்பி வைக்கும் விண்ணப்பத்தை எப்போதும் முந்திச் செல்லும். மேலும், உங்கள் பத்திரத்தைப் படிப்பவர் உங்கள் துறையினராக இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கணக்கீட்டுத் துறை விரிவுரையாளர் ஒருவர் முதற் பக்கத்தைப் படித்து, என்ன செய்யப் போகின்றீர்கள் என்பதைத் தம் சொந்த வார்த்தைகளில் சொல்ல முடியாவிட்டால் அப்பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.

பணத்தின் நாட்காட்டியையும் மழையின் நாட்காட்டியையும் ஒன்றாகப் பார்க்காமை

இந்த ஒரு தவறைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கின்றது. ஏனெனில் வன்னியில் களஆய்வு செய்வோரின் பணத்தையும் உழைப்பையும் இதைப் போல் விழுங்கும் வேறொன்றை நான் காணவில்லை, அதைக் காணும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் குறைந்ததும் இல்லை.

அரச நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகின்றது. காலபோகமோ செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபரிலோ, மழைக்கு முன் வறண்ட மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புடன் தொடங்கி, வடகீழ்ப் பருவ மழையில் வளர்ந்து, ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரையில் அறுவடையாகின்றது. அதாவது, பயிர் கதிர் தள்ளும் வேளையில் கணக்குப் புத்தகம் மூடப்படுகின்றது. ஆண்டின் தொடக்கத்தில் வெளியாகும் அழைப்புக்கு விண்ணப்பித்து, எல்லாப் படிகளையும் கடந்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் முடிந்து அங்கீகாரக் கடிதம் கைக்கு வரும்போது ஏப்ரல் கழிந்து மே பிறந்துவிடும். கோடை நெற்பருவமான சிறுபோகத்தின் விதைப்பு அதற்குள் நடந்து முடிந்திருக்கும். எஞ்சியிருப்பது காலபோகம், அதன் பிற்பாதியோ அடுத்த நிதியாண்டுக்குரியது.

இதை ஏன் எவரும் முன்கூட்டிக் காண்பதில்லை என்றால், விண்ணப்பப் படிவத்திலுள்ள வேலைத்திட்ட அட்டவணையில் மாதங்களுக்குப் பெயர் இல்லை. ‘மாதம் 1, மாதம் 2’ எனப் பன்னிரண்டு கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ‘மாதம் 1 முதல் 3 வரை உபகரணக் கொள்வனவு, மாதம் 4 இல் விதைப்பு, மாதம் 8 இல் அறுவடை’ என்று நிரப்பும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். மாதம் 1 என்பது மே எனில் மாதம் 4 என்பது ஓகஸ்ட். ஓகஸ்டில் கச்சான் காற்றில் புழுதி பறக்கும் மானாவாரி வயலில் எவர் நெல் விதைப்பார்? அக்கட்டங்களின் மேல் பென்சிலால் மாதங்களின் பெயரை எழுதிப் பார்த்திருந்தாலே போதும்.

அண்மைய ஆண்டுகளில் நான் அருகிருந்து பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கின்றேன். புழுதி விதைப்பு வயலில் மண்ணீரப்பதன் எவ்வாறு மாறுகின்றது என்பதை அளக்க விரும்பிய இளம் விரிவுரையாளர் ஒருவருக்கு மே மாதத்தில் மானியம் கிடைத்தது. ஈரப்பத உணரிகளுக்கான விவரக்குறிப்பில் அவர் ஒரு வணிகப் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். பெறுகை விதிகள் அவ்வாறு ஒரு பெயரைச் சுட்டி விலை கோருவதை ஏற்பதில்லை என்பதால் பத்திரம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பிய பின்னர் இரண்டு விலைமனுக்கள் வந்தன. மூன்றாவதற்காகக் கொழும்பு நிறுவனமொன்றுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் உறுப்பினர் ஒருவர் பரீட்சைக் கடமையில் இருந்தார். இதற்கிடையில், நான்கு சிறு பாத்திகளுக்கு வரம்பு கட்டி ஒதுக்கி வைத்திருந்த கமக்காரர், முதல் இடியோசை கேட்டதும் விதைத்துவிட்டார். விரிவுரையாளர் ஒரு கிழமை தாமதிக்குமாறு கேட்டபோது அவர் சொன்ன மறுமொழி: “சேர், மழை உங்கட கடுதாசிக்குப் பாத்துக்கொண்டிருக்குமே?”

உணரிகள் நவம்பர் இறுதியில் வந்தன. பெட்டியைத் திறந்தபோது வயலில் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வறண்ட மண் நனைந்து முளை கிளம்பும் அந்த முதல் மூன்று கிழமைகளின் தரவுக்காகவே அவை வாங்கப்பட்டன. டிசெம்பர் நடுப்பகுதிக்குப் பின் பற்றுச்சீட்டுகள் ஏற்கப்படமாட்டா என்ற அறிவித்தல் நிதிக் கிளையிலிருந்து வந்தது; அறுவடைக் காலத்துக்கென ஒதுக்கியிருந்த கூலியும் பகுப்பாய்வுக் கட்டணமும் செலவிடப்படாமல் திரும்பின. உணரிகள் இருப்பு இலக்கம் வெள்ளை மையில் எழுதப்பட்டு ஆய்வுகூட அலுமாரியில் இருக்கின்றன.

இதற்கு எல்லோரும் நிதிக் கிளையைக் குற்றம் சொல்கின்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிசெம்பர் 31 ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 31 இலேயே வருகின்றது. மிகுதிப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல அனுமதி கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது தனியான அங்கீகாரம், அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு கைக்கு வந்த பிறகே பயன்படும். 2025 ஐப் போன்ற ஆண்டில் முதல் நான்கு மாதங்களும் இடைக்காலக் கணக்கறிக்கையில் ஓடின, வரவு செலவுத் திட்டம் மார்ச்சில்தான் நிறைவேறியது. காலபோக அறுவடை அதற்குள் முடிந்துவிட்டது.

இத்தவறு விவசாயத்துக்கு மட்டும் உரியது என்று பொறியியலாளர்கள் எண்ண வேண்டாம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்தது 2018 டிசெம்பரின் மூன்றாம் நான்காம் கிழமைகளில். அக்குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றின் வெள்ளப் பாய்ச்சலை அளக்க விரும்புபவருக்கு வேண்டிய நாட்கள், நிதியாளர் அலுவலகம் ஆண்டிறுதிக் கணக்கை முடிக்கும் அதே நாட்களே.

இனி, செய்யக்கூடியவை. முதலாவது, உபகரணத்தையே நம்பியிருக்கும் காலபோக ஆய்வை ஓராண்டு மானியத்தில் கேட்க வேண்டாம். முதலாண்டில் உபகரணக் கொள்வனவு, அளவுதிருத்தம், விதைப்புக்கு முந்திய மண் மாதிரிகள் ஆகியவற்றை மட்டும் முடித்து, களப்பகுதியை இரண்டாம் கட்டமாக அடுத்த நிதியாண்டின் ஒதுக்கீட்டில் வைத்து, இரண்டு ஆண்டுத் திட்டமாக விண்ணப்பியுங்கள்; குழு இதை விரும்பவே செய்யும். உபகரணம் ஏற்கெனவே துறையில் இருந்தால் சிறுபோகமே ஒரு நிதியாண்டுக்குள் அடங்கும் பருவம். ஆனால் எத்தனை ஏக்கருக்கு இரணைமடுத் தண்ணீர் கிடைக்கும் என்பது சிறுபோகக் கூட்டத்தில்தான் தீர்மானமாகும். ஆகவே கமக்காரர் அமைப்புடன் பேசி, தண்ணீர் கிடைக்காவிட்டால் எந்த வயலுக்கு மாறுவீர்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நெல்லுக்குப் பின் எஞ்சிய ஈரத்தில் இடைப்போகமாகப் பயறு விதைப்போரின் வயலும் சிலருடைய கேள்விக்குப் பொருந்தும்.

காலபோகத்தை விட வழியில்லை என்பவர்கள், அறுவடைக்கு வேண்டிய பைகள், இரசாயனங்கள், லேபல்கள் அனைத்தையும் ஒக்டோபருக்குள் வாங்கிவிட வேண்டும். இரசாயனத்தின் காலாவதித் திகதியைப் பார்த்தே வாங்க வேண்டும். ஜனவரிக்குப் பின் வரும் வேலைக்குக் காசு தேவைப்படாதபடி, துறையின் தராசையும் உலர்த்தியையும் கொண்டு செய்யக்கூடிய அளவீடுகளை மட்டும் விட்டுவையுங்கள். நவம்பர் 30 ஐயே உங்கள் ஆண்டின் இறுதி நாளாகக் கொண்டு செலவுத் திட்டத்தை எழுதினால் டிசெம்பரில் எவரையும் ஏச வேண்டியிருக்காது.

பழைய விலைமனு

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. இறக்குமதிப் பொருளுக்கு அதற்கு முன் விலைமனு பெற்று வைத்திருந்தவர்கள் அரைவாசிப் பொருளையே வாங்கினார்கள். விலைமனுவின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள்.

ஆய்வு உதவியாளரை முதல் மாதத்திலேயே எண்ணுதல்

விளம்பரம், நேர்முகம், அங்கீகாரம் எல்லாம் முடிந்தே அவர் வேலைக்கு வருவார். மூன்று மாதம் தள்ளி எழுதுங்கள்.

அனுமதிகளைப் பின்னுக்குத் தள்ளுதல்

வன்னியில் நிலத்தின் பெரும் பகுதி காடு. அதில் இலையொன்றைப் பறிப்பதாயினும் எல்லைக்கேற்ப வனவளத் திணைக்களத்தினதோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினதோ எழுத்துமூல அனுமதி வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிதானா என்பதை மாவட்டச் செயலகத்தில் உறுதிசெய்யாமல் மாணவர்களைப் புதிய இடத்துக்கு அழைத்துச் செல்வதை நான் எக்காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். மனிதரிடம் தகவல் திரட்டுவோர் அறநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதியை வினாக்கொத்து அச்சாகுமுன்பே பெற வேண்டும். 2009 இல் உறவுகளை இழந்த குடும்பங்களிடமும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களிடமும் கேட்கப்படும் கேள்விகளை அக்குழு ஒவ்வொன்றாகப் படிக்கும், படிக்கவும் வேண்டும். நல்ல வினாக்கொத்தும் ஒரு முறையாவது திருத்தத்துக்குத் திரும்பி வரும் என்று எண்ணியே நாட்களை ஒதுக்குங்கள்.

வயலில் கொடுத்த காசுக்குச் சான்று இல்லாமை

முற்பணம் பெறும் உத்தியோகத்தர் அதை வேலை முடிந்தவுடன் தீர்க்க வேண்டும் என்பது நிதிப் பிரமாணம் 371 இன் நிபந்தனை. ஆனால் முழங்காவிலில் மாதிரி அள்ள உதவியவரிடமோ, சேற்றில் புதைந்த வாகனத்தை இழுத்துவிட்ட உழவியந்திரக்காரரிடமோ பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்காது. பெயர், அடையாள அட்டை இலக்கம், செய்த வேலை, நாள், தொகை, கையொப்பம் ஆகிய நிரல்களுடன் கூலிப் பட்டியலை முன்னரே அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிலிட்டு, மை உலராத பேனையுடன் வாகனத்தில் வைத்திருங்கள். காசு கைமாறும் இடத்திலேயே, வரம்பில் அமர்ந்தாவது, ஒப்பம் வாங்குங்கள். பின்னர் வீடு தேடிப் போய் வாங்கலாம் என்று விட்டால் அவர் அறுவடைக் கூலிக்கு மன்னாருக்குப் போயிருப்பார். கையெழுத்து வைக்காதவரிடம் பெருவிரல் அடையாளம் பெற்று, சாட்சியாகக் கிராமத்தவர் ஒருவரின் ஒப்பத்தையும் பெறுவது நல்லது. பல்கலைக்கழக வாகனமாயின் புறப்பட்ட, சேர்ந்த கிலோமீற்றரைச் சாரதியின் ஓட்டப் பதிவில் அன்றன்றே ஒப்பிட்டு ஒப்பமிடுங்கள். கணக்காய்வு வினா வரும்போது இரண்டும் பொருந்த வேண்டும்.

இறுதி அறிக்கை

முடிவு கிடைக்காவிட்டாலும் அனுப்புங்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை, உணரி தாமதமானது, வயல் மூழ்கியது என்று காரணங்களுடன் எழுதப்பட்ட நான்கு பக்கங்களைக் குழு மரியாதையுடன் படிக்கும். அடுத்த விண்ணப்பத்தில் முந்திய மானியத்தின் நிலை என்ன என்று கேட்கும் கட்டத்தில் இரண்டாம் ஆண்டாகவும் ‘தொடர்கின்றது’ என்று எழுதியிருப்பவரின் பத்திரம் கட்டின் அடிக்குப் போய்விடும்.