முகாம் நிலம் வாங்கும் முன்: மலேசியாவின் பத்தாங்காலியிலிருந்து ஒரு குறிப்பு

செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, ஓடைக் கரையில் இரண்டு ஏக்கர் விலைக்கு வந்தால் மனம் உடனே கூடாரம் போட்டுவிடும். விலை பேசுவதற்கு முன் நில அலுவலகத்துக்குப் போய், கட்டணம் செலுத்தி, அந்தப் பட்டாவின் பதிவைத் தேடிப் பாருங்கள். தரகர் காட்டும் நகல் போதாது. மலாய்க்காரர்களுக்கென்றே ஒதுக்கிய மலாய் ஒதுக்கீட்டு நிலமென்றால் நம்மால் வாங்க முடியாது. பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். 'விவசாயம்' என்று நிபந்தனை இருந்தால், தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்காக அரசுக்குச் செலுத்தும் பிரீமியத் தொகையையும் கணக்கில் சேருங்கள். ஊராட்சி மன்ற உரிமம் தனி.

பிறகு மலையைப் பாருங்கள். 2022 டிசம்பர் 16 விடியுமுன், எங்கள் ஊரருகே மண்சரிவில் முகாமில் உறங்கியவர்கள் 31 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து சரிவின் அடிவாரத்தில் கூடாரம் போட எவர் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். சாய்ந்து நிற்கும் மரம், நிலத்தில் விரிசல், மேட்டுச் சாலையிலிருந்து வழியும் நீர் ஆகியவற்றைக் கண்டால் பொறியாளரை அழைத்து வாருங்கள்.

நவம்பர் மழையில் ஒருமுறையாவது நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு பொங்கும். அந்தத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களிடம், வெள்ளம் எந்த மரம்வரை ஏறியது என்று கேளுங்கள். கூடாரங்களை அந்த மரத்துக்கு மேலே, கழிப்பறையை ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி அமையுங்கள்.

தோட்டச் சாலை வழியாகத்தான் உள்ளே போக முடியுமென்றால், அந்த வழியுரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும்.