பந்து கையில் இல்லாதவரையும் பாருங்கள்: என்.பி.ஏ. ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே 18. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் மேற்குப் பிரிவு அரையிறுதியின் ஏழாவது, கடைசி ஆட்டம். டென்வர் நகெட்ஸின் நிகோலா யோகிச் ஏழடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு; பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதை மூன்று முறை வாங்கியவர். அவரை மறிக்க ஓக்லஹோமா சிட்டி தண்டர் நிறுத்தியது ஆறடி ஐந்து அங்குல அலெக்ஸ் கரூசோவை! கரூசோ அவருக்கு முன்னால் போய் நின்று, பந்து வந்து சேரும் வழியையே அடைத்தார். தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் பறிக்க, பின்னால் உயரமான ஆள் காத்திருந்தார். தண்டர் 125-93 என்று வென்றது.

மறுநாள் ஸ்கோர் அட்டையை மட்டும் பார்த்தவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது. அந்தப் பருவத்தில் கரூசோவின் சராசரி சுமார் 7 புள்ளிகள். வராமல் போன பாஸை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முதல் தவறு இதுதான்: புள்ளியை எண்ணி ஆளை எடை போடுவது. ஹைலைட்ஸ் மட்டும் பார்ப்பதும் அதே கதை. ஒரு கால்பகுதி முழுக்கப் பந்தை மறந்துவிட்டு ஒரே ஆட்டக்காரரைக் கவனியுங்கள். யார் ஸ்கிரீன் வைக்கிறார் (கூட்டாளிக்கு வழி கிடைக்கத் தடுப்பாளரை மறித்து நிற்கிறார்), யார் முதலில் திரும்பி ஓடுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை (ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்) வைத்துத் தீர்ப்பு சொல்வதும் வேண்டாம். கூட ஆடிய நால்வர் யார், எதிரணியின் மூன்று புள்ளி ஷாட்கள் எத்தனை விழுந்தன என்பதைப் பொறுத்தே அது மாறிவிடும். இருபது முப்பது ஆட்டம் சேர்ந்த பிறகு பேசலாம்.

இளம் வீரர்கள் விஷயத்தில் நம் அவசரம் இன்னும் மோசம். அணிகள் முறை வைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013-இல் 11-ஆவதாக வந்தவர் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ். முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் மயாமிக்கு எதிராக 22 புள்ளி, 12 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), 9 ஸ்டீல் (எதிரணியிடம் பறித்த பந்து). அந்த ஆண்டின் சிறந்த ரூக்கியும் (முதல் ஆண்டு வீரர்) அவர்தான். ஆனால் அவருடைய ஃபிலடெல்ஃபியா அந்தப் பருவத்தில் வென்றது 19 ஆட்டங்கள். தொடர்ந்து 26-இல் தோற்றது. பலவீனமான அணியில் பந்து எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தால் எண்கள் பெருகத்தான் செய்யும். அதே டிராஃப்டில் 15-ஆவதாக வந்த ஒல்லிப் பையன் யானிஸ் அன்டெட்டோகூம்போவின் முதல் ஆண்டுச் சராசரி 6.8 புள்ளிகள். 2021 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து மில்வாக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர்தான். முதல் ஆண்டில் புள்ளியைவிட, நவம்பரில் செய்த தவறை மார்ச்சிலும் செய்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம், அன்பு மிகுதியால் வரும் தவறு ஒன்று. 15 நிமிடத்தில் 8 புள்ளி எடுப்பவர் 36 நிமிடம் ஆடினால் 19 எடுப்பார் என்று கணக்குப் போடுகிறோம். அவர் எடுத்தது பெரும்பாலும் எதிரணியின் பெஞ்ச் ஆட்களுக்கு, அதாவது மாற்று வீரர்களுக்கு எதிராக. நேரம் கூடினால் சிறந்த தடுப்பாளர் அவர் மேல் வந்து நிற்பார், காலும் சோரும். கரூசோவையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்து புரண்டு பந்தைப் பறிக்கும் அவரை வழக்கமான பருவத்தில் தண்டர் ஆட்டத்துக்குச் சுமார் 19 நிமிடம்தான் ஆடவிட்டது. யோகிச்சோடு மல்லுக்கட்டும் தெம்பு மே மாதத்தில் அவரிடம் மிச்சம் இருந்தது.