ஒதுக்கி வைப்பதைக் குறைக்க: எங்கே தொடங்குவது?

நோய், குறைபாடு, சிறைவாசம் என எதன் பேரிலோ ஒருவரை ஒதுக்குவதைக் குறைக்க நினைப்பவர்கள், பெரும்பாலும் துண்டறிக்கை அச்சடிப்பதில் தொடங்குகிறார்கள். அதற்கு முன் களங்கம், அதாவது அவர்மீது ஒட்டப்படும் இழிவான எண்ணம், எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும். “அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் நல்லபடியாகவே சொல்வார்கள். படிப்படியாகக் கேளுங்கள்: காசநோய் வந்து குணமானவர் உங்கள் தெருவில் குடியிருக்கலாமா? பக்கத்து மேசையில் வேலை பார்க்கலாமா? உங்கள் பிள்ளையை அவரிடம் விட்டுப் போவீர்களா? அவர் வீட்டில் சம்பந்தம் செய்வீர்களா? ‘தாராளமாக’ என்ற பதில் எந்தக் கேள்வியில் ‘யோசிக்கணும்’ ஆகிறதோ, வேலை அங்கேதான். கடைசிக் கேள்வி குடும்பத்தையும் தொடுகிறது. களங்கம் உடனிருப்பவர்கள்மீதும் படியும் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இலேயே எழுதிவிட்டார்.

துண்டறிக்கையில் வதந்தியைத் தலைப்பாக்காதீர்கள். மறுப்பு மறந்து வதந்தி மட்டும் நினைவில் நிற்கலாம். ‘சிகிச்சை தொடங்கிய தொழுநோயாளியிடமிருந்து நோய் பரவாது’ என்று உண்மையிலேயே தொடங்குங்கள். மனநோயை ‘மூளைக் கோளாறு’ என்று விளக்குவதிலும் கவனம் தேவை. பழி குறையும், ஆனால் ‘அப்படியானால் இது குணமாகாது’ என்ற எண்ணம் கூடும்.

வயது வந்தவர்களிடம் தகவலைவிட, பாதிக்கப்பட்டவர்களோடு நேரடிப் பழக்கமே அதிகம் பலன் தருகிறது. ஆனால் அவர்களை மேடையேற்றி அனுதாபம் தேடுவது பழக்கம் ஆகாது. இரு தரப்பும் சம நிலையில், ஒரே வேலையை, பலமுறை சேர்ந்து செய்ய வேண்டும். மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். சாதனையாளரையே தேடிப் பிடிக்காதீர்கள். ‘அவர் விதிவிலக்கு’ என்று சொல்லிவிட்டுப் பழைய எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார்கள். சாதாரணமாக வேலைக்குப் போய்வரும் ஒருவரே போதும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பாதிக்கப்பட்டவர் தானே அந்தப் பழியை நம்பத் தொடங்கினால் சிக்கல் கூடும்: மாத்திரையை ஒளிப்பார், ‘முயன்று என்ன பயன்’ என்று வேலைக்கு விண்ணப்பிப்பதையே விட்டுவிடுவார். இதே நிலையைக் கடந்தவர்களின் குழு இங்கே உதவும். வெளியே சொல்வதா என்று தயங்கினால், நம்பிக்கையான ஒருவரிடம், தன்னைப் பற்றிச் சொல்லாமல், அந்த நோய் பற்றிய செய்தி ஒன்றைப் பொதுவாகப் பேசி அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சொல்லியே ஆக வேண்டும் என்று யாரையும் நெருக்காதீர்கள்.

விதிகளை மாற்றுவது பல நேரம் எளிது, ஆனால் அதைத்தான் யாரும் தொடுவதில்லை. நோயின் பெயர் எழுதிய அறைப்பலகை, தனி நிறக் கோப்பு, வேலை விண்ணப்பத்தில் தேவையில்லாத சிகிச்சைக் கேள்வி ஆகியவற்றை எடுத்துவிடலாம்.

சில மாதங்கள் கழித்து அதே படிக்கேள்விகளை மறுபடி கேளுங்கள். கூடவே, எத்தனை பேர் தாமதிக்காமல் சிகிச்சைக்கு வருகிறார்கள், எத்தனை பேருக்கு வேலையோ வாடகை வீடோ மறுக்கப்பட்டது என்றும் எண்ணுங்கள்.